தொலைதூர விண்வெளிச் செய்திகளில் எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 124 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கே2-18பி என்ற கோளின் காற்றில் உயிர்களோடு தொடர்புடைய ஒரு வாயு தெரிவதாக 2025 ஏப்ரலில் செய்தி வந்தது, சில வாரங்களிலேயே வேறு விஞ்ஞானிகள் அதை மறுத்தார்கள், விண்வெளிப் படங்களின் நிறமோ கணினியில் சேர்த்தது என்று அவற்றை வெளியிடுபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தைப் பற்றிச் சொல்வதை எதை வைத்து நம்புவது? இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இப்படி வரும் பத்துச் செய்திகளில் எது நிலைக்கும், எது கரைந்துபோகும் என்பதைத் துறைக்கு வெளியே இருப்பவர் எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

தொலைவு கூடக்கூட நம்பகம் குறையும் என்று பொதுவாக நினைக்கிறோம். அது சரியான அளவுகோல் இல்லை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகளில் பதிவான ஈர்ப்பு அலை (கால-வெளியில் பரவும் அதிர்வு), சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி வந்தது. அதைத் துறைக்குள் இன்று யாரும் பெரிதாக மறுப்பதில்லை. வெள்ளியோ நமக்கு மிக அருகே வரும் கோள். அதன் மேகங்களில், உயிரின் தடயமாக இருக்கலாம் என்று கருதப்படும் ஃபாஸ்ஃபீன் வாயு இருப்பதாக 2020 செப்டம்பரில் சொன்னது இன்னும் தீராத வழக்கு. முதலில் சொன்ன அளவு நூறு கோடியில் 20 பங்கு. தரவின் அளவுத்திருத்தத்தில் பிழை தெரிந்து மறுபடி கணக்கிட்டபோது அது பல மடங்கு குறைந்தது. அதுவும் ஃபாஸ்ஃபீன் இல்லை, சல்ஃபர் டை ஆக்சைடு ஒளியில் விடும் அடையாளக் கோடு அதே இடத்தில் விழுகிறது என்று வேறு குழுக்கள் சொல்கின்றன. ஆக, ஒரு கண்டுபிடிப்பின் பலத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: இரைச்சலோடு ஒப்பிட்டால் சமிக்ஞை எவ்வளவு பெரியது, அதே சமிக்ஞையைத் தரக்கூடிய வேறு காரணங்கள் எத்தனை. தூரம் சமிக்ஞையை மங்கச் செய்யும். அதற்கு மேல் அதற்கு இதில் வேலை இல்லை.

முதலில் உறுதியான பகுதி. ஒவ்வொரு தனிமமும், ஒவ்வொரு மூலக்கூறும் குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டுமே ஒளியை உறிஞ்சும் அல்லது உமிழும். சோடியம் என்றால் 589.0, 589.6 நானோமீட்டரில் இரட்டைக் கோடு. ஹைட்ரஜன் என்றால் 656.3இல் ஒரு சிவப்புக் கோடு. கிர்க்காஃப்பும் பன்சனும் 1859இல் ஆய்வகத்தில் இதை நிறுவினார்கள். விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்பதை மனிதன் அறியவே முடியாது என்று தத்துவவாதி ஒகுஸ்ட் கோம்ட் எழுதி அப்போது கால் நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை. 1868இல் சூரிய ஒளியில் 587.6 நானோமீட்டர் அருகே பூமியில் எந்தப் பொருளோடும் ஒத்துப்போகாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. புதுத் தனிமம் என்று ஊகித்து ஹீலியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து வெளிவந்த வாயுவில் அதே கோட்டைப் பார்த்தார். யாரும் போகாத இடத்தின் வேதியியலை ஒளியை மட்டும் வைத்துச் சொல்லி, பிறகு கையில் வாங்கிச் சரிபார்த்த கதை அது. எனவே "போகாமலே எப்படித் தெரியும்" என்பதற்கு, கோடுகள் பல இருந்து, கூர்மையாகவும் வலுவாகவும் இருந்தால் கட்டாயம் தெரியும் என்பதே பதில்.

சிக்கல், கோடு கூர்மையாக இல்லாதபோது தொடங்குகிறது. கே2-18பி அந்த வகை. யாரும் அந்தக் கோளைப் படம் எடுக்கவில்லை. அது 33 நாளுக்கு ஒரு முறை தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே கடக்கிறது. விண்மீன் சூரியனின் விட்டத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவான ஒரு செங்குறுமீன், அதாவது சிறிய, குளிர்ந்த சிவப்பு விண்மீன். கோள் பூமியைப் போல் சுமார் 2.6 மடங்கு பெரியது. விட்டங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: கடக்கும்போது மறையும் ஒளி ஏறத்தாழ 0.3 சதவீதம். இது கோளின் உடம்பு மறைப்பது. வளிமண்டலம் மறைப்பது அதைச் சுற்றியுள்ள மெல்லிய வளையம் மட்டும். மீத்தேன் உறிஞ்சும் அலைநீளத்தில் அந்த வளையம் கொஞ்சம் தடித்துத் தெரியும், உறிஞ்சாத இடத்தில் மெலியும். அந்த வித்தியாசம் விண்மீனின் மொத்த ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, பல இடங்களில் அதற்கும் குறைவு. அவர்கள் அளப்பது அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றைத்தான். அளவின் சிறுமையைப் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதே.

இவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் போலியாக உண்டாக்கக்கூடியவை நிறைய. கடப்பு நடக்கும் மணிகளில் உணரியின் உணர்திறன் மெதுவாக நகரலாம். விண்மீனின் முகத்தில் கரும்புள்ளிகள் இருந்தால், கோள் மறைக்கும் பகுதியும் மறைக்காத பகுதியும் ஒரே நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை, தராது. அந்த வேறுபாடு கோளின் கணக்கில் ஏறிவிடும். குளிர்ந்த விண்மீன்களில் இது பெரும் தொல்லை, ஏனென்றால் புள்ளிகளின் குளிர்ச்சியில் நீராவியே தங்கும். சூரியனின் கரும்புள்ளிகளில்கூட நீராவியின் தடயம் உண்டு. எனவே "கோளில் நீர்" என்று படித்தால், விண்மீனின் புள்ளியிலிருந்து வந்த நீர் இல்லை என்பதை எப்படி விலக்கினார்கள் என்று கேட்க வேண்டும். இவை தவிர, தரவைச் சுத்தப்படுத்தும் முறையிலேயே தேர்வுகள் இருக்கின்றன: அலைநீளங்களை எவ்வளவு அகலமான கட்டுகளாகப் பிரிப்பது, எந்தப் பழுதான பிக்சல்களை விடுவது, சரிவை நேர்கோடாகக் கொள்வதா வளைவாகக் கொள்வதா. இரண்டு குழுக்கள் ஒரே தரவை எடுத்து வேறு முடிவுக்கு வந்தால் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பிரிந்திருப்பார்கள்.

கே2-18பியின் வரலாறு இதைப் படிப்படியாகக் காட்டுகிறது. 2019இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை வைத்து நீராவி இருப்பதாக அறிவித்தார்கள். ஹபிள் பார்த்தது 1.1 முதல் 1.7 மைக்ரான் வரையிலான குறுகிய பட்டை. அதில் 1.4 மைக்ரான் அருகே நீரும் உறிஞ்சும், மீத்தேனும் உறிஞ்சும். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏறத்தாழ 0.9 முதல் 5.2 மைக்ரான் வரை பார்த்தபோது அது மீத்தேன் என்று தெரிந்தது. அகலமான பட்டையில் மீத்தேனுக்குப் பல மேடுகள் வரிசையாக வந்ததால் ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லாமல் போனது. மீத்தேன் சுமார் 5 சிக்மா, கார்பன் டை ஆக்சைடு சுமார் 3 சிக்மா (சிக்மா என்பது ஆதாரத்தின் பலத்தைச் சொல்லும் எண், கீழே விளக்குகிறேன்). டைமெத்தில் சல்ஃபைடு அந்த முறை வெறும் சாடைதான். பூமியில் இந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன என்பதால் அந்தச் சாடையைத் தலைப்புகள் பிடித்துக்கொண்டன. 2025இல் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, வெப்பின் மற்றொரு கருவியான மிரியில் 6 முதல் 12 மைக்ரான் வரை பார்த்து, டைமெத்தில் சல்ஃபைடோ டைமெத்தில் டைசல்ஃபைடோ, அல்லது இரண்டுமோ இருப்பதற்கு 3 சிக்மா ஆதாரம் என்றது. மற்றவர்கள் அதே தரவை வேறு முறைகளில் சுத்தப்படுத்தியும், பொருத்திப் பார்க்கும் மூலக்கூறுகளின் பட்டியலை நீட்டியும் பார்த்தார்கள். இந்த வாயுவை விட்டுவிட்டாலும் வளைவு ஏறக்குறைய அதே தரத்தில் பொருந்தியது.

சிக்மா என்பதைப் பற்றி ஒரு நிமிடம், ஏனென்றால் இதில்தான் செய்திகள் அதிகம் வழுக்குகின்றன. 3 சிக்மா என்றால் இரைச்சல் மட்டுமே இருந்திருந்தால் இப்படியொரு ஏற்ற இறக்கம் தோன்ற சுமார் 0.3 சதவீத வாய்ப்பு என்று பொருள். "99.7 சதவீதம் உயிர் இருக்கிறது" என்று பொருள் இல்லை. "99.7 சதவீதம் அந்த வாயு இருக்கிறது" என்பதும் தவறு. இரைச்சலைப் பற்றிய நம் மதிப்பீடு சரி என்றும், வேறு எந்த மூலக்கூறும் இந்த மேட்டைத் தராது என்றும் ஏற்றுக்கொண்ட பிறகு கிடைக்கும் எண் அது. அந்த இரண்டில் ஒன்று ஆடினாலும் எண்ணும் ஆடும். இருபது மூலக்கூறுகளைச் சோதித்து ஒன்று 3 சிக்மாவில் வந்தால் அதன் மதிப்பு இன்னும் குறைவு. 5 சிக்மாவில் தற்செயலுக்கான வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. அப்போதும் கருவிப் பிழையை அது விலக்காது. வாயு இருப்பது உறுதியானாலும் உயிர் என்று முடிவுகட்ட முடியாது. டைமெத்தில் சல்ஃபைடு 67பி வால்மீனிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அங்கே கடலும் இல்லை, பாசியும் இல்லை. என் கணிப்பில், கே2-18பியில் மீத்தேன் உறுதி, கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய உறுதி, சல்ஃபர் வாயுக்கள் நிரூபிக்கப்படாதவை, கடல் இருக்கிறதா என்பது கணக்கீட்டு மாதிரிகளைச் சார்ந்த விவாதம், உயிர் என்பது இப்போதைக்குப் பேச்சுக்கு வெளியே. கோள் கடப்பதும் வெப் அந்தத் திசையைப் பார்க்க முடிவதும் ஒன்றாக அமைவது ஆண்டுக்குச் சில முறைதான் என்பதால் இதெல்லாம் சீக்கிரம் தீராது.

நிறம் பற்றிய புகாருக்கு வருகிறேன். ஆம், நிறம் சேர்த்ததுதான். வெப்பின் நிர்கேம் கருவி 0.6 முதல் 5 மைக்ரான் வரை பார்க்கிறது. அதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. ஒவ்வொரு வடிகட்டியின் வழியாகவும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வருகிறது. மிகக் குறுகிய அலைநீளத்துக்கு நீலம், இடைப்பட்டதற்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் கொடுத்து அடுக்குகிறார்கள். இருண்ட பகுதி தெரிய வேண்டும் என்பதற்காகப் பிரகாசத்தின் அளவையும் வளைப்பார்கள். அந்தக் கூட்டுப்படம் சுவரில் மாட்டுவதற்கு. அளவீடு அதிலிருந்து எடுப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற எண்கள் அடங்கிய ஃபிட்ஸ் கோப்பிலிருந்து எடுப்பது. அந்தக் கோப்புகள் உடனேயோ, அதிகபட்சம் ஓராண்டு காத்திருப்புக்குப் பிறகோ மாஸ்ட் என்ற ஆவணக் காப்பகத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். படத்தில் விண்மீன்களுக்கு இருக்கும் ஆறு பெரிய கூர்முனைகளும் இரண்டு சின்னவையும் கண்ணாடியின் அறுகோண வடிவத்தாலும் தாங்கு கம்பிகளாலும் வருவன. அவற்றை யாரும் அழகுக்காக வரையவில்லை.

2019 ஏப்ரலில் வந்த எம்87 கருந்துளைப் படத்தைப் பற்றி இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அது படமே இல்லை என்றும் சொல்லலாம், படம்தான் என்றும் சொல்லலாம். எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பதிவுசெய்ததை வன்தட்டுகளில் ஏற்றி ஓரிடத்துக்குக் கொண்டுவந்து இணைத்தார்கள். உலகில் சில இடங்களில் மட்டும் கண் இருந்தால் படத்தின் பெரும்பாலான விவரங்கள் விடுபட்டிருக்கும். அவற்றைக் கணக்கீட்டால் நிரப்ப வேண்டும். நிரப்பும் முறை விடையைத் திணித்துவிடக் கூடாது என்பதற்காக நான்கு குழுக்கள் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியாக வேலை செய்தன. நால்வருக்கும் வளையம் வந்தது. கிரீன்லாந்து தொலைநோக்கியையும் சேர்த்து 2018இல் எடுத்த தரவிலும் அதே அளவு வளையம் வந்தது. அதில் பிரகாசமான பகுதி மட்டும் இடம் மாறியிருந்தது. வளையத்தின் விட்டத்தை நம்பலாம். வளையத்தில் எந்த இடம் எவ்வளவு பிரகாசம் என்பதில் அவ்வளவு நம்பிக்கை வேண்டாம். ஆரஞ்சு நிறம் முழுக்க ரசனை.

தவறுகள் எப்படிப் பிடிபடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் "மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்" என்ற குறை அங்கிருந்துதான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பெரிட்டான் என்ற விசித்திரத் துடிப்புகள் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. அவை தொலைநோக்கியின் பதின்மூன்று கற்றைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்தன. வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படித் தெரியாது. மதிய உணவு வேளையை ஒட்டி அதிகம் வந்தன. 2015இல் காரணம் தெரிந்தது: ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை அணைக்கும் முன்பே திறந்தால், நுண்ணலையை உண்டாக்கும் அதன் மேக்னெட்ரான் குழல் அடங்கும் கணத்தில் 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு கசிகிறது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர், வானிலிருந்து நொடிக்கும் குறைவாக வந்து மறையும் "வேக ரேடியோ வெடிப்புகள்" எல்லாமே அடுப்புதான் என்றும் முடிவு கட்டினார்கள். ஆனால் அவை வேறு. அப்படி மீண்டும் மீண்டும் வெடிக்கும் ஒன்றின் இருப்பிடத்தை 2017இல் சுமார் 300 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு குறு விண்மீன் மண்டலத்தில் துல்லியமாகக் குறித்தார்கள். 2020 ஏப்ரலில் நம் பால்வீதியிலேயே உள்ள ஒரு காந்த விண்மீனிலிருந்து (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) அதே மாதிரி வெடிப்பு வந்ததை இரண்டு தனித்தனி தொலைநோக்கிகள் பதிவுசெய்தன.

இன்னொரு வகைத் தவறு, ஒரே ஒரு சாளரம் வழியாகப் பார்ப்பது. 2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்2 குழு, பிரபஞ்சத்தின் முதல் கணத்து ஈர்ப்பு அலைகள் ஆதி ஒளியில் விட்ட சுருள் வடிவத் தடம் கிடைத்ததாக அறிவித்தது. அவர்கள் பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை. பால்வீதியின் தூசியும் அங்கே அதே சுருள் வடிவத்தைத் தரும். வேறு அலைவரிசையில் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். பிளாங்க் செயற்கைக்கோளின் 353 கிகாஹெர்ட்ஸ் தரவோடு சேர்த்துப் பார்த்ததும் 2015 தொடக்கத்தில் அந்த அறிவிப்பு நிற்கவில்லை. வெப் வந்த புதிதில் கிடைத்த சீர்ஸ்-93316 என்ற விண்மீன் மண்டலமும் இப்படித்தான். சில வடிகட்டிகளின் வழியே தெரிந்த நிறத்தை மட்டும் வைத்து அதன் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நீண்ட அளவு; எண் கூடினால் தொலைவும் கூடும்) 16க்கு மேல் என்றார்கள். பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுக்குள் பிறந்தது என்று அதற்குப் பொருள். நிறமாலை எடுத்ததும் அது 4.9 என்று இறங்கியது. தூசியும் வலுவான உமிழ்வுக் கோடுகளும் சேர்ந்து நிறத்தை ஏமாற்றியிருந்தன. இதற்கு எதிர்ப்பக்கம் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0: 2024இல் வெப்பின் நிறமாலையே 14.3 அளவில் வைத்தது, 2025இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கி முற்றிலும் வேறு அலைநீளத்தில் ஆக்சிஜன் கோட்டைப் பிடித்து 14.2 அருகே உறுதிசெய்தது. எண் சற்று நகர்ந்தது, செய்தி நின்றது.

ஆகவே அடுத்த முறை செய்தி வரும்போது செய்தித் தலைப்பை விட்டுவிட்டு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைத் தேடுங்கள்; பெரும்பாலானவை ஆர்க்சிவ் தளத்தில் இலவசம். தொலைவு அல்லது வயது பற்றியதென்றால் நிறமாலையில் அளந்ததா, வடிகட்டி நிறத்தில் ஊகித்ததா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் ஆறு மாதம் பொறுங்கள். வாயு பற்றியதென்றால் எத்தனை மேடுகள், எத்தனை சிக்மா, அந்த வாயு இல்லாத மாதிரியும் பொருந்துகிறதா. சுருக்கத்தில் "கண்டறிந்தோம்" என்பதும் "ஒத்துப்போகிறது" என்பதும் வேறு வேறு வாக்குமூலம். செய்தியாளர் கையில் இரண்டும் ஒன்றாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு கருவி, வேறு முறை, வேறு ஆட்கள் அதையே பார்த்தார்களா என்று தேடுங்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை ஈர்ப்பு அலைக் கருவிகள் பிடித்தன, 1.7 வினாடி கழித்து காமாக் கதிர் வெடிப்பு வந்தது; அன்றே சிலியிலிருந்த தொலைநோக்கிகள் அதே திசையில் புதிய ஒளிப்புள்ளியைப் பார்த்தன. இதை மறுக்க வேண்டுமானால் ஒருவரையொருவர் சாராத மூன்று பேர் ஒரே பொய்யை ஒரே நாளில் சொன்னார்கள் என்று நிறுவ வேண்டும்.

"நீங்களே பார்த்ததுண்டா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாயுவை வீட்டிலிருந்து அளக்க முடியாது. கோள் கடப்பதை அளக்கலாம், பல அமெச்சூர்கள் செய்கிறார்கள். தொடங்க ஏற்றது எச்டி 189733 என்ற விண்மீன்: பிரகாச எண் 7.7, டம்பெல் நெபுலாவிலிருந்து அரைப் பாகைக்குள். அதன் கோள் 2.2 நாளுக்கு ஒரு முறை கடக்கிறது. ஒளி சுமார் 2.4 சதவீதம் குறைகிறது; கடப்பு ஏறத்தாழ 1.8 மணி நேரம். 10 முதல் 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி, தடம் பிடிக்கும் தாங்கி, ஒற்றை நிறக் கேமரா, ஒரு சிவப்பு வடிகட்டி போதும். கடப்பு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்து ஒரு மணி நேரம் கழித்து நிறுத்துங்கள். இருபுறமும் சமதளம் இல்லாவிட்டால் பள்ளத்தின் ஆழத்தை அளக்க முடியாது. குவியத்தைச் சற்றுக் கலைத்து விண்மீனைப் பல பிக்சல்களில் பரப்புங்கள். அப்போது பத்து வினாடிக்கு மேல் திறந்து வைக்கலாம், காற்றின் மினுக்கம் சராசரியாகிவிடும், எந்தப் பிக்சலும் நிரம்பி வழியாது. உச்சம் கொள்ளளவின் 60, 70 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். இருள் படங்களும் (மூடியைப் போட்டு எடுப்பவை) சமவொளிப் படங்களும் (சீராக ஒளிரும் பரப்பைப் பார்த்து எடுப்பவை) எடுத்துத் திருத்துங்கள். கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்துவையுங்கள்.

பிறகு அதே படச்சட்டத்தில் உள்ள இரண்டு மூன்று விண்மீன்களோடு ஒப்பிட்டு விகிதத்தை வரையுங்கள். ஒப்பீட்டு விண்மீன் நிறத்தில் நெருக்கமாக இருப்பது முக்கியம்: எச்டி 189733 ஆரஞ்சு நிறத்தது, நீல விண்மீனோடு ஒப்பிட்டால் வானில் அது கீழே இறங்க இறங்கக் காற்று இரண்டையும் வேறு வேறு அளவில் மங்கச் செய்து, வளைவு முழுதும் சாய்ந்துவிடும். வளைவின் நடுவில் திடீரென ஒரு படி தெரிந்தால் கோளைச் சந்தேகிக்கும் முன் தாங்கியைப் பாருங்கள். விண்மீன் உச்சிக்கோட்டை (வானில் வடக்கையும் தெற்கையும் உச்சி வழியே இணைக்கும் கோடு) தாண்டும்போது அது தொலைநோக்கியைப் புரட்டியிருக்கும், விண்மீன் உணரியின் வேறு மூலைக்குப் போயிருக்கும். ஒரு புள்ளிக்கு அரை சதவீதத் துல்லியம் வந்தாலே பள்ளம் கண்ணுக்குத் தெரியும். பொதுமக்களின் இத்தகைய அளவீடுகளை நாசாவின் எக்ஸோபிளானெட் வாட்ச் திட்டம் வாங்கிச் சேர்க்கிறது. ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட நேரத்துக்கும் உங்கள் பள்ளத்தின் நடு நேரத்துக்கும் சில நிமிடங்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முதலில் சோதிக்க வேண்டியது கணினியின் கடிகாரத்தை.